தேவிமனை இறக்கம்

எங்கள் பக்கத்து மழையில் இரும்பை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை, மேடம். நீங்கள் பல்லாரிப் பக்கத்துக்காரர் என்று ஏட்டு சொன்னார். அங்கே ஒரு சைக்கிளைத் தூக்கி வெளியே போட்டால் தூசிதான் படியும். சிர்சியில் ஜூன் பிறந்துவிட்டால் அரிவாளுக்குக்கூட எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். கதவுக் கீல், கிணற்று ராட்டினம், பாக்கு சீவும் கத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. என் யெஸ்டி மோட்டார் சைக்கிள் பாக்குக் கொட்டகையில் கிடந்து துருவேறிப் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதைத் திரும்ப ஓட வைத்ததுதான் அதிசயம்.

வண்டியிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னீர்கள். ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் சீதாராம ஹெக்டே. ஊர் கானமனெ. கொஞ்சம் பாக்குத் தோட்டம் இருக்கிறது. அந்த யெஸ்டிதான் என் முதல் வண்டி. அதற்குப் பிறகு வேறு வண்டி வாங்கவில்லை. இளவயதில் ஹூப்ளிக்குப் போய் வாங்கினேன். எனக்கு ஓட்டத் தெரியாததால் சித்தப்பா மகன் ஓட்ட, என் புது வண்டியில் நானே பின்னால் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். ஊரில் அதைச் சொல்லி வெகுநாள் சிரித்தார்கள். பிறகு கற்றுக்கொண்டேன். கல்யாணமானதும் கௌரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, தேவிமனை மலைப்பாதையில் இறங்கி, கும்டாவுக்குக் கடல் பார்க்கப் போவேன். ஓட்டுவதுதான் நான். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் தோளைத் தட்டிச் சொல்வாள்.

வீட்டிலும் அப்படித்தான். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு எதிர்த்து ஒரு சொல் வாயில் வராது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை எங்கள் பக்கம் தள்ளி நட்டபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன், போதாததற்கு அவருக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். கௌரி போய் ஒரு வார்த்தை பேசினாள், வேலி பழைய இடத்துக்கு வந்தது. அவள் ரத்தத்தில் வந்த நோயில் போய்விட்டாள். எங்கள் மகள் விபா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். வண்டி அதற்கும் வெகு முன்பே கொட்டகைக்குப் போய்விட்டது. அதன்மேல் சாக்குகள், சாக்குகளின்மேல் ஏணி.

படிப்பு முடிந்ததும் விபா பெங்களூர் போனாள். கம்ப்யூட்டர் வேலை. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை வருவாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். எங்கள் வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். அடுத்த வீட்டுக்கு இரண்டு தோட்டம் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் பகல் முழுக்கத் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. காலையில் கீரையும் மோருமாக ஒரு தம்புளி அரைத்துச் சோற்றுக்கு ஊற்றிக்கொள்வேன், மீதியை ராத்திரிக்கு. சில நாள் மாலையில் தொண்டையைக் கனைத்தால்தான் அன்றைக்கு யாரோடும் பேசவில்லை என்பது தெரியும். இதை விபாவிடம் நான் சொன்னதில்லை. எப்படியிருக்கிறாய் என்று கேட்பாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்பேன்.

ஒரு தீபாவளிக்கு வந்தவள், வாசலில் விளக்குக் கூண்டு கட்ட ஏணி எடுக்கப் போனாள். ஏணியோடு சாக்குகளையும் இழுத்துப் போட்டுவிட்டாள். நான் சத்தம் கேட்டுப் போனபோது வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இது ஓடுமாப்பா?"

"ஓடினது."

"ஓட வைப்போமா? எனக்கும் ஒண்ணும் தெரியாது, உனக்கும் ஒண்ணும் தெரியாது. நல்ல ஜோடி."

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவாள். வந்ததும் கௌரியின் பழைய புடவையை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவாள்.

எங்களுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதற்கே சண்டை. இஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றிக் காத்திருந்தோம். காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெட்ரோல் டாங்க் முழுக்கத் துரு. விபா முருகல் பழத்தோலை ஊறவைத்த புளித்தண்ணீரை ஊற்றி, உள்ளே ஒரு பிடி நட்டுகளைப் போட்டு, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி அதை மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருப்பாள். கழற்றியதையெல்லாம் பாக்கு மட்டைத் தட்டுகளில் வரிசையாக வைப்போம். எது எங்கே போகும் என்று மறந்துபோய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அவள் சிரித்தால் கொட்டகைக் கூரையில் இருக்கும் புறாக்கள் எழும்பும். மத்தியானம் கருப்புக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு, மாங்காய்ப் புளிப்பில் வைத்த அப்பெ ஹுளி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் கொட்டகை.

சந்தேகம் வந்தால் பெட்ருவிடம் போவோம். சிர்சியில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என் வயதுக்காரர். எங்களைப் பார்த்தாலே அவருக்குக் கொண்டாட்டம்.

"வாங்க ஹெக்டேரே, இன்னைக்கு எதை உடைச்சுட்டு வந்தீங்க? விபாம்மா, அப்பாவை ஸ்பேனர் பக்கமே விடாதே. வெத்தலை மடிக்கச் சொல்லு, அதுல மனுஷன் கெட்டிக்காரர்."

கடைப்பையன்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஒருநாள் கார்புரேட்டரைப் பிரித்தபோது பெட்ரோலை அளந்துவிடுகிற சின்னப் பித்தளை ஜெட் என் விரலிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுந்தது. சத்தியமாக நழுவித்தான் விழுந்தது. புனேயிலிருந்து வேறு ஒன்று வரவழைக்க வேண்டியதாயிற்று. அது வரும்வரை வேலை நின்றது. விபா அது வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று இரண்டு முறை கூடுதலாக வந்து பார்த்துவிட்டுப் போனாள். அதை நான் கவனித்தேன். வேறொன்றும் செய்யவில்லை, கவனித்தேன், அவ்வளவுதான்.

அடுத்தமுறை காணாமல் போன வாஷர் நழுவவில்லை. அதைக் கூரை விட்டத்தின் மேல் வைத்தேன்.

இதற்கெல்லாம் வேலை தெரிந்திருக்க வேண்டும், மேடம். எதை எடுத்தால் வண்டி நிற்கும், எதை எடுத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரியாதவனுக்கு இது முடியாது. விபா இல்லாத நாட்களில் எனக்கு வேறு என்ன வேலை? காலையில் தோட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்து கழற்றுவேன், பூட்டுவேன். போனில் வீடியோ பார்ப்பேன். பஞ்சாபிலும் கேரளாவிலும் யார் யாரோ தங்கள் வண்டியைக் கழற்றிக் காட்டுகிறார்கள், பாஷை புரியாவிட்டாலும் கை புரிகிறது. முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இவ்வளவு வயதுக்குமேல் ஒரு வேலை எனக்கு நன்றாக வருகிறது என்று தெரிந்தபோது, உள்ளதைச் சொன்னால், பெருமையாக இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை முடிந்துவிடும்.

அந்த வண்டி முதன்முதலில் உயிர்பெற்றது ஒரு புதன்கிழமை. நான் மட்டும் இருந்தேன். மூன்றாவது உதைக்கே பிடித்துக்கொண்டது. நீலப்புகை கொட்டகை முழுக்க நிறைந்தது. இரண்டு சைலன்சரிலும் அந்தப் பழைய சத்தம். கொஞ்சநேரம் அப்படியே ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்துவிட்டு, தீப்பொறி கொடுக்கிற பாயின்டை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். சனிக்கிழமை விபா வந்து உதைத்து உதைத்துக் களைத்துப் போனாள். நான் பக்கத்தில் நின்று விசிறினேன்.

ஆனால் விபா கெட்டிக்காரி. கௌரியின் மகள். பெட்ருவை வீடியோவில் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல, மழை விட்ட ஒரு சனிக்கிழமை பாயின்டைத் தானே சரிசெய்துவிட்டாள். வண்டி பிடித்துக்கொண்டது. அவள் அழுதாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிரீஸ் முழுக்க என் சட்டையில். முன்பே ஒருமுறை கேட்ட சத்தம்தான் என்றாலும், நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். ஹாலந்தில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். வண்டியை முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தாளாம். நான் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் எனக்காக அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரொம்ப சந்தோஷம் என்றேன்.

அவள் சோற்றில் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவாப்பா? நீ போகாதேன்னு சொன்னா நான் யோசிப்பேன். பாதி மனசாத்தான் இருக்கேன். நீ ஒரு வார்த்தை சொல்லு."

சொல்ல வேண்டியது ஒரே சொல். சின்னச் சொல். குழந்தைகள்கூடச் சொல்லும்.

"மோர் ஊத்திக்கோ கூஸு," என்றேன். எங்கள் பேச்சில் பெண்குழந்தையைக் கூஸு என்போம். அவள் வளர்ந்த பிறகும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அவள் மோர் ஊற்றிக்கொண்டாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் வண்டியில் தேவிமனை இறங்கிக் கும்டா போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். அம்மாவும் நீயும் போன மாதிரி என்றாள்.

பெட்ருவுக்குப் போன் போட்டுச் சந்தோஷத்தைச் சொன்னாள். மலையிறங்குவதற்கு முன் வண்டியை ஒருமுறை தன்னிடம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் நான் சிர்சிக்குக் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்து, பெட்ரு ஹொன்னாவரத்துக்கு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்விட்டார், இரண்டு நாள் ஆகுமாம் என்று சொன்னேன். பெட்ரு கடையில்தான் இருந்தார். நான் அவர் கண்ணில் படாமல் எதிர்ப்பக்கம் நடந்து வந்தேன்.

பின்சக்கரத்து பிரேக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது அதைத் தாங்குகிற வட்டத் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் ஓர் இரும்புப் பட்டை இழுத்துப் பிடித்திருக்கும். பட்டையின் முனையில் ஒரு நட்டு. நட்டு கழலாமலிருக்க அதன் குறுக்கே ஒரு பின், கொண்டை ஊசி மாதிரி இருக்கும். பெட்ரு தன் கடையில் வேறொரு வண்டியில் எங்களுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது சொன்னார்: "இதை மறந்தீங்கன்னா உடனே ஒண்ணும் ஆகாது ஹெக்டேரே. ஊருக்குள்ள சமர்த்தா ஓடும். இறக்கத்துல விட்டு விட்டு அழுத்தும்போதுதான் நட்டு கழலும். அப்புறம் சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நின்னுடும்."

விபா வாசலில் நடந்துகொண்டே பெங்களூர் சிநேகிதி நமிதாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இருந்தது. நான் கொட்டகைக்குள் போய், குனிந்து, பின்னை உருவி எடுத்தேன். நட்டைப் பாதி தளர்த்திவிட்டு, கையால் மட்டும் திருகிவைத்தேன். வெளியே அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் தோசை சுட்டேன். சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எல்லாம் முறுக்கியாச்சாப்பா?" என்று கேட்டாள். நாங்கள் எப்போது வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளினாலும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

"ஆச்சு," என்றேன்.

"நீயும் வாயேன். அம்மா உக்காந்த இடத்துல நீ உக்காரு. எங்க நிறுத்தணும்னு தோளைத் தட்டிச் சொல்லு."

"முதுகு தாங்காது. நீ போயிட்டு வா."

அவள் போனாள். வண்டி மேட்டில் ஏறித் திரும்பும்வரை சத்தம் கேட்டது. நன்றாகத்தான் ஓடியது. பாத்திரம் கழுவினேன். பாக்கு காயப்போட்டிருந்ததைக் கிளறிவிட்டேன். அவள் போனுக்கு ஒருமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள். அப்போது எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்து, பிரேக்கைத் தொடாதே என்று. சொல்லியிருப்பேனா என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். இருக்கலாம்.

கும்டாவிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு மேலே வந்த லாரிக்காரர்தான் அவள் போனிலிருந்து கூப்பிட்டார். தேவிமனைக் கோயிலைத் தாண்டி நாலைந்து வளைவுகளுக்குப் பிறகு பின்சக்கரம் நின்று, வண்டி சுழன்று, அவள் தடுப்புக் கல்லின்மேல் முதுகு அடித்து விழுந்திருக்கிறாள். "உசிரு இருக்கு பெரியவரே, கவலைப்படாதீங்க," என்றார். அந்த வார்த்தைக்கு நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. உடுப்பிப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். கும்டா போலீஸ்காரர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, வேலை தெரியாதவர்கள் பழைய வண்டியைப் பூட்டியதால் வந்த வினை என்றார்கள். அந்தப் பின்னை மாட்ட மறந்துவிட்டேன் என்று நான் சொன்னேன். பாவம் ஹெக்டே, தன் கையாலேயே இப்படி ஆகிவிட்டதே என்று ஊரே பேசியது. பெட்ரு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒருதடவை நேர்ல வந்து பாத்திருக்கணும். போன்ல சொல்லிட்டு இருந்துட்டேனே," என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அன்றைக்குக் கடையில்தான் இருந்தார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். நான் ஹொன்னாவரம் என்று சொன்னது எனக்கும் விபாவுக்கும் மட்டும் தெரியும். அவரைத் தட்டிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் பழைய வண்டி எதையும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாளும் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் எல்லையில், மெதுவாகப் போகும்போது, சின்னதாக விழுவாள். மணிக்கட்டு உடையும். ஒரு மாதம் கட்டுப் போட்டிருப்பாள். கிளம்ப வேண்டிய தேதி தாண்டிவிடும். நான் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். இவ்வளவுதான் நினைத்தேன் என்று. உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: சின்ன விழுதல்தான் என்றால் நீங்கள் ஏன் பின்னால் உட்காரவில்லை?

என் முதுகில் எந்தக் கோளாறும் கிடையாது. ஊருக்குள் சமர்த்தாக ஓடும், இறக்கத்தில்தான் கழலும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவள் செத்தே போகலாம் என்பதும் தெரியும். அதைப் பற்றி அன்று ராத்திரி நான் யோசிக்கவில்லை, நன்றாகத் தூங்கினேன். ஹாலந்துக்குப் போய்விட்டால் என்ன, செத்துப்போனால் என்ன, வீட்டில் இருக்கும் எனக்கு இரண்டும் ஒன்றுதானே என்று மனசின் அடியில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். இதை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

அவளைக் கானமனெக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு உள்ள காலத்தை மோசமான காலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்படித் துடைப்பது, புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். நர்ஸ்களே ஆச்சரியப்பட்டார்கள். தலை பின்னுவதுதான் ஆரம்பத்தில் கோணலாக வந்தது. "சடையா பின்றே, கயிறு திரிக்கிறியா?" என்று ஒருநாள் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். பகலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு சீவிக்கொண்டிருப்பேன். பேசாவிட்டாலும் வீட்டில் இன்னொரு மூச்சு இருந்தது.

அதை மாற்றியது நமிதா. மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தாள். ஒருமுறை நல்ல சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள். விபா கையால் தள்ளிப் பழகினாள். முதலில் அறைக்குள், பிறகு முற்றத்தில். கொஞ்சநாளில் அவள் தோள் திரண்டு, முகத்தில் பழைய களை வந்துவிட்டது. பெங்களூரில் தரைத்தளத்தில் வீடு பார்த்திருப்பதாகவும், பழைய ஆபீஸிலேயே எடுத்துக்கொள்வதாகவும் நமிதா சொன்னாள். விபா என்னைப் பார்த்து, இந்தமுறை, "போகட்டுமாப்பா?" என்றுகூடக் கேட்கவில்லை.

எங்கள் முற்றம் ரோட்டைப் பார்த்துச் சரிவாக இறங்கும். நாற்காலியின் கைப்பிரேக்கில் ஒரு பக்கம் சின்னப் பின் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் பிரேக் பிடித்த மாதிரி இருக்கும், பிடிக்காது. ஒருதடவை சறுக்கினால் பயந்துபோய் உள்ளேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

போன வாரம் காலையில் அவள் சரிவுக்கு வந்து, இறங்குவதற்கு முன்னால் குனிந்து சக்கரங்களை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பழக்கம் வண்டி வேலை செய்தபோது வந்தது.

"அப்பா, இங்க ஒரு பின் இருந்துச்சே."

"விழுந்திருக்கும்," என்றேன்.

அவள் அந்த ஓட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை அதில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அன்னைக்கும் விழுந்துதான் போச்சா?"

பால் பொங்கிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை. வெளியே அவள் போனில் பேசுவது கேட்டது. குரலை அடக்கிக்கொள்ளவில்லை. முதலில் பெட்ருவிடம் பேசினாள், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று. பிறகு நமிதாவிடம். பிறகு இங்கே, ஸ்டேஷனுக்கு.

இன்று காலையில் நமிதாவின் வண்டி வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். விபாவை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். இடது இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது, தேங்காய் எண்ணெய்தான் போட வேண்டும், ஆயின்ட்மென்ட் ஒத்துக்கொள்ளாது என்று நமிதாவிடம் சொன்னேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். விபா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருக்கத்தானே செய்யும். அவளும் அம்மாவைப் போலத்தான், கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியாது.

நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே போவதற்கு முன்னால் போனை வாங்கி வைத்துவிடுவோம் என்று ஏட்டு சொன்னார். இரண்டு நாள் மட்டும் விட்டுவையுங்கள், மேடம். எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் அவளுக்கு வலிக்காது என்று அங்கே யாருக்கும் தெரியாது. என்னைத்தான் கூப்பிடுவாள்.